ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். தூக்கத்தான் பயமாக இருக்கிறது

கேள்வி:

எங்கள் பாப்பாவுக்கு ஐந்தரை மாதம் ஆகிறது. பிறந்தபோது 2.9 கிலோ, நல்லபடியாகத்தான் இருந்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு பால் குடிக்கும்போது தலையெல்லாம் வியர்த்துக் கொட்டும். நாலு வாய் குடிப்பாள், மூச்சு வாங்கும், விட்டுவிடுவாள். பத்தாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸ் அக்கா நெஞ்சில் குழி விழுவதைப் பார்த்துக் கரூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை என்றார்கள். இரண்டு மாதம் மருந்து கொடுத்தோம், எடை ஏறவில்லை. மூன்று வாரத்துக்கு முன் சென்னையில் முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது. அப்போது 4.4 கிலோ. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது.

நெஞ்சில் அந்தத் தையலைப் பார்த்தால் தூக்கவே கை வரவில்லை. ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து வீறிட்டு அழுகிறாள். அழுதால் தையல் பிரிந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் பதறுகிறார். அத்தை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் சரியாகிவிடும் என்கிறார். இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்களாமே, மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? பிரசவம் பார்த்த இடத்தில் ஏன் கண்டுபிடிக்கவில்லை? ஏழாம் மாதத்தில் கிரகணத்தன்று நான் வெளியே போனேன், அதனாலா? எனக்கும் அவருக்கும் சொந்தத்தில்தான் கல்யாணம்.

இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. ஐசியூவில் அவளைப் பார்த்தபோது என் பிள்ளை மாதிரியே தோன்றவில்லை. தொடாமல் வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பாலும் வற்றிவிட்டது. இரண்டு நாளாக லேசாக உடம்பு சுடுகிறது, பாலைக் கக்குகிறாள், உரம் விழுந்திருக்கும் என்கிறார் அத்தை. மூத்த பையனுக்கு நாலு வயது, தங்கச்சி கிட்டவே வரமாட்டேன் என்கிறான்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் காய்ச்சலையும் கக்குவதையும் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் படித்தது அதைத்தான். கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லி, கரூரிலேயே எக்கோ (இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன்) எடுத்து, இதயத்தைச் சுற்றி நீர் எதுவும் சேரவில்லை, சாதாரணச் சளிக் காய்ச்சல்தான் என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக இதை விளக்கிவிடுகிறேன்.

இதயத்தைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. ஆபரேஷனில் அதைத் திறந்துதான் உள்ளே போக வேண்டும். சில குழந்தைகளுக்கு ஆபரேஷன் முடிந்த ஒரு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் அந்த உறை அழற்சியாகி, உள்ளே நீர் சேர ஆரம்பிக்கும். குழந்தைக்கு நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. காய்ச்சல் வரும், பாலைக் கக்குவாள், நசநசவென்று அழுவாள், முகம் வெளிறும், மூச்சு வேகமாகும். பார்ப்பதற்கு வயிற்றுக் கோளாறு போலவே இருக்கும். அதனால்தான் தவறவிடுகிறார்கள். சேர்ந்த நீர் கொஞ்சம் என்றால் மருந்திலேயே வற்றும். அதிகம் என்றால் ஊசி போட்டு எடுக்க வேண்டிவரும். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எக்கோவில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆகவே முதல் ஆறு வாரத்தில் 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், இரண்டு வேளை தொடர்ந்து பால் வேண்டாம் என்பது, ஓயாமல் கக்குவது, உதடு நீலம் பாய்வது, புண்ணில் சிவப்போ சீழோ வருவது, நெஞ்செலும்பில் கை வைத்தால் சொடுக்குப் போடுவதுபோல் அசைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளூரில் எந்த டாக்டரிடம் போனாலும் 'மூன்று வாரத்துக்கு முன் ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன் ஆனது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அப்புறம், உரம், அதாவது கைக்குழந்தைக்கு விழும் சுளுக்கு. கைக்குழந்தை இரண்டு நாள் அழுதால் நம் ஊரில் சேலையில் போட்டு இப்படியும் அப்படியும் புரட்டி உரம் எடுப்பார்கள். சில ஊர்களில் காலைப் பிடித்துத் தலைகீழாகவும் தூக்குவார்கள். இந்தப் பாப்பாவுக்கு அது கூடவே கூடாது. இதை மட்டும் நான் கண்டிப்பாகச் சொன்னதாக அத்தையிடம் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

ஏன் என்றால், நெஞ்சின் நடு எலும்பை இரண்டாகப் பிரித்துத்தான் உள்ளே போகிறார்கள். முடித்ததும் அதைச் சேர்த்து மெல்லிய எஃகுக் கம்பியாலோ உறுதியான நூலாலோ கட்டிவிடுவார்கள். அது கூடுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும், இரண்டு கையையும் பிடித்து இழுத்து உட்கார வைப்பதும் அந்த எலும்பைத்தான் இழுக்கும். ஒரு கையைக் கழுத்துக்கும் தலைக்கும் அடியில் கொடுங்கள், இன்னொரு கையைப் புட்டத்துக்கு அடியில் கொடுங்கள், அப்படியே அள்ளி எடுங்கள். அவ்வளவுதான் விஷயம். அந்த மாதிரி எத்தனை முறை வேண்டுமானாலும் தூக்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். சட்டை மாட்டும்போது முன்பக்கம் திறக்கிற ஜப்லாவாகப் பார்த்து மாட்டுங்கள், கையை மேலே இழுக்க வேண்டியிருக்காது. எலும்பு கூடும்வரை தூளி வேண்டாம், அதில் உடம்பு வளைந்து நெஞ்சு அமுங்கும். தட்டையான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள்.

அழுதால் தையல் பிரியாது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உள்ளே ஓட்டையில் வைத்த ஒட்டு இந்நேரம் பிடித்திருக்கும். நெஞ்செலும்பின் கட்டும் அழுகையைத் தாங்கும். அழாமல் பார்த்துக்கொள்வது என்று ஒரு வேலை யாருக்கும் கிடையாது. ஆபரேஷனுக்கு முன் அது உண்மையாகவே கவலைப்படவேண்டிய விஷயம்தான்: அழுதால் மூச்சு வாங்கும், களைத்துப் போவாள், குடித்த பாலெல்லாம் அதற்கே செலவாகும். இரண்டு மாதம் அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரே நாளில் பழக்கம் மாறாது. இந்தக் கடிதத்தில் பாதிப் பயம் பழைய பாப்பாவுக்கு உரியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது மடியில் இருப்பவளின் இதயம் வேறு மாதிரி வேலை செய்கிறது.

ராத்திரி திடுக்கிட்டு எழுவது ஐசியூவில் இருந்து வந்த குழந்தைகளிடம் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பதுதான். அங்கே இரவு பகல் கிடையாது, விளக்கு அணைவதில்லை, அலாரம் ஓயாது, யார் தொட்டாலும் ஊசிக்காகத்தான் இருக்கும். மயக்க மருந்தும் வலி மருந்தும் உடம்பைவிட்டுப் போகும்போது வரும் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். சில வாரங்களில் தானாகக் குறையும். ராத்திரி விளக்கைத் தணித்து, டிவியை நிறுத்தி, ஒரே ஆள் ஒரே மாதிரி தட்டிக்கொடுத்துத் தூங்க வையுங்கள். வீட்டில் இருக்கிற நாலு பேரும் மாறிமாறி வாங்கினால் அவளுக்கு இன்னும் குழப்பம்.

எண்ணெய்க் குளியல் விஷயத்தில் அத்தையை வில்லியாக்க வேண்டாம். எத்தனையோ குழந்தைகளைக் குளிப்பாட்டிய கை அது. ஆனால் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கால்மேல் குப்புறப் போட்டு, முதுகை நீவி, தோளைப் பின்னால் வளைத்துத் தேய்ப்பது எட்டு வாரம் முடியும்வரை கூடாது. அதுவரை வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்து உடம்பு துடைக்கலாம். தலைக்கும் கால்களுக்கும் எண்ணெய் தொட்டுவிடட்டும், அது அவர் வேலையாகவே இருக்கட்டும். புண்ணில் பொருக்கு உதிர்ந்து முழுதாகக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டலாம். தையல் கோட்டை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே, வயிற்றின் மேல்பக்கத்தில், குழாய் வைத்திருந்த சிறு துளையை யாரும் பார்ப்பதில்லை. அது கடைசியாகத்தான் ஆறும். தினமும் அதையும் ஒரு பார்வை பாருங்கள். மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய் எதுவும் புண்மேல் வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது எந்தக் குழந்தைக்கும் கூடாது. சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். இரண்டு மாதம் நீர் கோத்துக் கிடந்த நுரையீரலுக்கு அது எதற்கு?

பிறந்த இடத்தில் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் கோபம் இருப்பது தெரிகிறது. பிரசவம் பார்த்தவர்கள் கவனமாகப் பார்த்திருந்தாலும் தெரியாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். கருவில் இருக்கும்போது நுரையீரல் மூச்சு விடுவதில்லை, அதன் ரத்தக் குழாய்கள் இறுகிக் கிடக்கும். பிறந்தவுடனும் அந்த இறுக்கம் கொஞ்சம் இருக்கும். அதனால் இதயத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏறக்குறைய சம அழுத்தத்தில் இருக்கும். ஓட்டை பெரிதாக இருந்தாலும் அதன் வழியே ரத்தம் அதிகம் பாயாது. பாயாவிட்டால் ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் கேட்காது. குழந்தை நீலமாகவும் இருக்காது, ஆகவே விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியிலும் அளவு சரியாகவே காட்டும். நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் நுரையீரல் குழாய்கள் தளர்ந்து விரியும். அப்போதுதான் மடை உடைந்தாற்போல, உடம்புக்குப் போகவேண்டிய ரத்தம் ஓட்டை வழியாக நுரையீரலுக்கே திரும்பத் திரும்பப் பாயும். உங்கள் பாப்பாவுக்கு ஒன்றரை மாதத்தில் வியர்வை ஆரம்பித்ததற்குக் கணக்கு இதுதான். பால் குடிப்பது கைக்குழந்தைக்கு ஓட்டப்பந்தயம் ஓடுவதற்குச் சமமான உழைப்பு. அதில்தான் முதலில் தெரியும்.

தடுப்பூசிக்கு வந்த பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்து, நெஞ்சுக் குழியைக் கவனித்து, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிய அந்த நர்ஸுக்கு ஒரு கும்பிடு போடலாம். முடிந்தால் பாப்பாவை ஒருநாள் கொண்டுபோய்க் காட்டுங்கள். எடை போட்டு ஊசி குத்தி அனுப்பியிருந்தால், இன்னும் சில மாதம் சளி மருந்திலேயே போயிருக்கும்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, தேதியை வைத்தே சொல்கிறேன். கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள சுவர், கரு உண்டான ஏழாவது, எட்டாவது வாரத்துக்குள் மூடிவிட வேண்டும். மூடாமல் நின்றால் அப்போதே நின்றுவிட்டது. நீங்கள் ஏழாம் மாதத்தில் வெளியே போனபோது அந்த ஓட்டைக்கு வயது ஐந்து மாதம். பப்பாளி, மாடிப்படி, தூக்கிய தண்ணீர்க் குடம் என்று எங்களிடம் வரும் தாய்மார்கள் தங்கள்மேல் போட்டுக்கொள்ளும் எந்தப் பழியும் அந்தத் தேதியில் வந்து பொருந்துவதில்லை. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு இதயத்தில் ஏதாவது பிறவிக் குறை இருக்கிறது. அதில் அதிகம் காண்பது உங்கள் பாப்பாவுக்கு இருந்ததுதான். பெரும்பாலும் ஒற்றைக் காரணம் சொல்லவே முடியாது. சொந்தத்தில் திருமணம் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மை. ஆனால் சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நல்ல இதயத்தோடுதான் பிறக்கிறார்கள், அசலில் கட்டியவர்களுக்கும் இந்தக் குறையோடு பிறக்கின்றன. இன்னொரு குழந்தை பெற நினைத்தால், ஐந்தாம் மாத வாக்கில், 18-லிருந்து 22 வாரத்துக்குள், சிசுவின் இதயத்துக்கென்றே எடுக்கும் எக்கோ ஒன்று எடுத்துவிடுங்கள். சாதாரண ஸ்கேன் போதாது.

இதயத்தை நிறுத்தியது பற்றி. நிறுத்தியது உண்மை. ஓட்டைமேல் ஒட்டு வைத்துத் தைக்கும் நேரத்துக்கு மட்டும் மருந்து கொடுத்து அதை அசையாமல் வைப்பார்கள். அந்த நேரமெல்லாம் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போய்க்கொண்டேதான் இருந்தது. இதய-நுரையீரல் இயந்திரம் அந்த வேலையைச் செய்யும். அந்த இயந்திரம் கைகூடாத காலத்தில், 1954-ல், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வால்டன் லில்லஹை என்ற அறுவை மருத்துவர் இதே ஓட்டையை முதன்முதலாக அடைத்தபோது, குழந்தையின் தகப்பனைப் பக்கத்து மேசையில் படுக்க வைத்து, அவர் உடம்பின் ரத்த ஓட்டத்தையே குழாய் வழியாகக் குழந்தைக்கு இணைத்தார். தகப்பனின் இதயமும் நுரையீரலும் இரண்டு பேருக்கும் வேலை செய்தன. அந்த முறையில் 45 பேருக்குச் செய்து 28 பேர் பிழைத்து வீடு போனார்கள். அங்கிருந்து இன்றைக்கு, நல்ல மையங்களில் இந்த ஆபரேஷனில் இழப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு அல்லது அதற்கும் குறைவு என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம்.

மூளை வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும் என்பது சரிதான், பயப்படுவதற்கு அல்ல. இந்த ஓட்டை மட்டும் இருந்து, நேரத்தோடு அடைக்கப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் மற்றவர்களோடு சேர்ந்துவிடுகிறார்கள். இப்போதைக்கு அவள் கழுத்து நிற்பதிலும் குப்புறுவதிலும் பின்தங்கியிருந்தால் அதற்கு உடம்பில் பலமில்லாததும், குப்புறப் போடாததும்தான் காரணமாக இருக்கும். எட்டு வாரம் முடிந்து டாக்டர் சரி என்றதும், விழித்திருக்கும்போது ஐந்து ஐந்து நிமிடமாகக் குப்புறப் போட ஆரம்பியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று ஒன்று உண்டு. காசு வாங்காமல் வளர்ச்சியைப் பார்த்துப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள். பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி, யாரிடமும் சொல்லாத விஷயம்.

ஆபரேஷன் முடிந்த முதல் நாள் ஐசியூவில் ஒரு குழந்தை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முகம் ஊதிக் கண் திறக்காது. வாயில் வென்டிலேட்டர் குழாய், அதை ஒட்டிய பிளாஸ்திரியில் கன்னம் இழுபட்டிருக்கும். கழுத்தில் ஒரு ஊசி, மணிக்கட்டில் ஒன்று, வயிற்றுக்கு மேலே ரத்தம் கசியும் குழாய், சருமத்திலிருந்து வெளியே வரும் இரண்டு மெல்லிய பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் கருவி) கம்பிகள். தொட்டால் கை சில்லென்று இருக்கும். காலையில் சிரித்த பிள்ளையைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் அதைப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் 'இது என் பிள்ளையா' என்றுதான் தோன்றும். உங்களுக்கு மட்டும் இல்லை. வாய்விட்டுச் சொல்கிறவர்கள்தான் குறைவு. உள்ளே அனுப்புவதற்கு முன் ஒருவர் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, எந்தக் குழாய் எதற்கு, எது எப்போது வெளியே வரும் என்று சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் அதிகம் உள்ள மருத்துவமனைகளில் இது விட்டுப்போகிறது. இது எங்கள் துறையின் குறை, உங்களுடையது அல்ல. தொடாமல் வந்ததால் பாப்பாவுக்கு எந்தக் குறையும் இல்லை. முதல் நாள் அவள் மயக்கத்தில் இருந்தாள், யார் வந்தார், யார் தொட்டார் என்று அவளுக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் காட்சி இப்போதும் கண்ணை மூடினால் வருகிறதா? பாப்பா தூங்கும்போதும் மூச்சு ஓடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறீர்களா? சாப்பாடு இறங்கவில்லையா? ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அது வைத்தியம் பார்க்கவேண்டிய விஷயம். ஆபரேஷன் ஆன பிள்ளைகளின் தாய்மாரில் சிலருக்கு இப்படி ஆகும், தகப்பன்களுக்கும் ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பேசலாம். 104-க்குப் போன் செய்தாலும் மனநல ஆலோசகரோடு பேச வைப்பார்கள். 'பிள்ளைதான் பிழைத்துவிட்டதே, இன்னும் என்ன அழுகை' என்று சொல்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் இதைச் சொல்லுங்கள். அவரும் எதையாவது மனதில் வைத்துக்கொண்டு இருப்பார் என்பது என் ஊகம்.

பால் வற்றிவிட்டது என்கிறீர்கள். முழுசாக வற்றியிருக்காது. ஒரு வாரத்துக்குமேல் பிள்ளை நேராகக் குடிக்கவில்லை, நீங்களும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், தூங்கியிருக்கவே மாட்டீர்கள். இரண்டு மூன்று மணிக்கொரு தரம் அவளை மார்பில் போடுங்கள், குடித்த பிறகும் கையால் பீய்ச்சுங்கள், இரவு ஒரு வேளையையாவது விடாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பலருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. திரும்பாவிட்டாலும் குற்றமில்லை, டாக்டர் சொல்லும் மாற்றுப்பால் இருக்கிறது. ஆறு மாதம் நிறைந்ததும் கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம் என்று மற்ற குழந்தைகளைப் போலவே ஆரம்பிக்கலாம். டிஸ்சார்ஜின்போது எடை குறைந்திருந்ததைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உடம்பில் கோத்திருந்த நீரும் சேர்ந்துதான் முன்பு எடையாகத் தெரிந்தது. தினமும் தராசில் வைக்காமல் வாரம் ஒருமுறை, ஒரே தராசில், துணியில்லாமல் பாருங்கள்.

மருந்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. நீர் பிரியக் கொடுக்கும் மருந்தைச் சிரிஞ்சில் அளந்துதான் கொடுக்க வேண்டும், ஸ்பூனில் வேண்டாம். பாட்டில் தீர்ந்து புதிது வாங்கும்போது, ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பது பழைய பாட்டிலோடு ஒத்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். கம்பெனி மாறினால் அடர்த்தியும் மாறும், அதே அளவு ஊற்றினால் இரண்டு மடங்காகிவிடும். மருந்து கொடுத்த உடனே கக்கிவிட்டால் நீங்களாக மறுபடி கொடுக்காமல் கேட்டுவிட்டுக் கொடுங்கள். 'நன்றாகத்தானே இருக்கிறாள்' என்று நடுவில் நிறுத்தவும் வேண்டாம். அது எக்கோ பார்த்து நாங்கள் நிறுத்தவேண்டியது.

நின்றுபோன தடுப்பூசிகளைத் திரும்பத் தொடங்கும் தேதியை அடுத்த முறை போகும்போது கேளுங்கள். ஆபரேஷனில் ரத்தம் ஏற்றியிருப்பதால் ஒன்பதாம் மாதம் போடவேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியைச் சில மாதம் தள்ளச் சொல்வார்கள். அந்தத் தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொண்டால் ஊரில் நர்ஸ் அக்காவுக்கும் குழப்பமிருக்காது. காதுகுத்து, ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு. அந்த ஒட்டுமேல் இதயத்தின் சொந்தத் தோல் படர்ந்து மூடுவதற்கு அவ்வளவு காலம் ஆகும். அதுவரை ரத்தத்தில் கிருமி கலக்கும் எதையும் தள்ளிப்போடுவது நல்லது. பல் முளைத்ததும் தினமும் துடைத்துவிடுங்கள். சொத்தைப் பல் இதயத்துக்கும் ஆகாது.

பிற்காலம் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, கேட்கப் பயந்திருப்பீர்கள். எக்கோவில் கசிவு இல்லை, நுரையீரல் அழுத்தம் இறங்கிவிட்டது, துடிப்பின் தாளம் சரியாக இருக்கிறது என்றால் அவள் ஓடலாம், கபடி ஆடலாம், பிற்பாடு பிள்ளையும் பெறலாம். ஒட்டின் ஓரத்தில் சிறு கசிவு இருப்பதாக எழுதியிருந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் தானாக மூடும். தாளத்தைப் பற்றி மட்டும் விசாரியுங்கள்: ஓட்டையின் விளிம்பை ஒட்டித்தான் இதயத்தின் மின்கம்பி போகிறது, நூற்றில் ஒரு குழந்தைக்கு அது பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் தேவைப்படலாம். உங்கள் பாப்பாவின் பேஸ்மேக்கர் கம்பிகளை எடுத்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்பதே நல்ல சேதி. ஆறு வாரம், ஆறு மாதம், ஒரு வருடம், அப்புறம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று பரிசோதனை நீளும். நன்றாக இருக்கிறாள் என்று நடுவில் விட்டுவிடுகிற குடும்பங்கள் நிறைய. தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது பால் குடிக்கும்போது வியர்க்கும் குழந்தை இருந்து, எடை ஏறட்டும் பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று காத்திருந்தால்: ஓட்டை பெரிதாக இருக்கும்வரை எடை ஏறாது. வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் நுரையீரல் குழாய்கள் தடித்து, பிறகு ஓட்டையை அடைக்கவே முடியாத நிலை வரும். சிறிய ஓட்டைகள் தானாக மூடுவதுண்டு, அதை எக்கோ பார்த்த டாக்டர் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டார் அல்ல. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பணத்தை யோசித்துத் தேதியைத் தள்ள வேண்டாம்.

கடைசியாக, உங்கள் மூத்தவன். நாலு வயதுப் பையனுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா திடீரென்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு காணாமல் போனதும், வந்தபின் எல்லோரும் 'தொடாதே, தொடாதே' என்றதும்தான். தன்னால்தான் பாப்பாவுக்கு ஏதோ ஆனது என்றுகூட நினைத்திருப்பான், இந்த வயதில் அப்படி நினைப்பார்கள். 'பாப்பாவுக்கு நெஞ்சுக்குள் ஒரு ஓட்டை இருந்தது, டாக்டர் தைத்துவிட்டார், அது உன்னால் வந்ததில்லை' என்று அவன் மொழியிலேயே சொல்லுங்கள். தையலைக் காட்டச் சொன்னால் காட்டுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார வைத்து, மடியில் தலையணை போட்டு, நீங்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டு பாப்பாவை அவன் மடியில் கொடுக்கலாம். அவனுக்கு மூக்கு ஒழுகும் நாளில் மட்டும் வேண்டாம்.